இறக்கத்தில் பிடித்த என்ஜின்

இன்று காலை முடிச்சூர் சாலையில் ஒரு தண்ணீர் லாரி கரும்புகை விட்டபடி உறுமிக்கொண்டிருந்தது. உன் லாரியில் இருந்ததுபோலவே டர்போ இல்லாத பழைய ஆறு சிலிண்டர் என்ஜின். பால் வாங்கப் போன நான் அது கிளம்பிப் போகும்வரை ஓரமாக நின்று கேட்டேன். நீ போன பிறகு அப்படி நின்று கேட்டது இதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் பல்லாவரத்துக்கு அந்தப்பக்கம் இருந்த மலைக் குவாரியில் கல் ஏற்றினோம். உன் லாரி உன்னுடையது. நான் சேலையூர்க்காரர் ஒருவரின் லாரியை ஓட்டினேன். அப்போதுதான் வரத்தொடங்கியிருந்த டர்போ வண்டி. என் என்ஜின் உன்னுடையதைவிடச் சிறியது, ஆனால் இழுவை அதிகம். ஜி.எஸ்.டி. சாலையில் முழு லோடோடு போகும்போதே உன்னைத் தாண்டிவிடுவேன். குரோம்பேட்டை டீக்கடையில் நான் டீ குடித்து முடித்த பிறகுதான் நீ வந்து சேருவாய்.

ஆனால் என் வண்டிக்கு உபசாரம் அதிகம். ஓடி வந்ததும் அணைக்கக்கூடாது, டர்போ ஆறும்வரை சும்மா ஓடவிட வேண்டும். ஆயில் கொஞ்சம் பழசானாலும் முரண்டு பிடிக்கும். உன் வண்டி எந்த டீசலையும் குடித்தது, எந்த மழையிலும் கிளம்பியது. "இத்தினி வருசத்துல என் என்ஜின பிரிச்சதே இல்ல மச்சான்" என்று நீ சொல்லாத நாள் இல்லை. டீக்கடையில் டிரைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நமக்காகப் பேசினார்கள்.

அன்று மதியம் மேலிருந்து லோடோடு இறங்கிக்கொண்டிருந்தோம். நீ முன்னால் முதல் கியரில், நான் பின்னால் இரண்டாவதில். பாதி இறக்கத்தில் என் பிரேக் குழாய் வெடித்தது. பெடல் தரையைத் தொட்டது. கைபிரேக் அந்தப் பாரத்துக்குப் பொருட்டே இல்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டிய பள்ளம். ஹாரனை அழுத்தியபடியே இருந்தேன்.

உனக்கு இடப்பக்கம் ஒதுங்க இடம் இருந்தது. லாரிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்குவதற்காக வெட்டிவைத்த இடம். நீ கண்ணாடியில் பார்த்தாய். ஒதுங்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, என் வேகத்துக்கு வந்து, உன் பின்பலகையை என் பம்பரில் சேர்த்தாய். பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, முதல் கியரிலேயே இரண்டு லாரிப் பாரத்தையும் உன் என்ஜினால் பிடித்தாய். பிரேக்கும் போட்டிருப்பாய், தெரியும். ஆனால் எனக்குக் கேட்டது என்ஜின்தான். அது ஓடவேண்டிய வேகத்துக்கு மேலே ஓடி அலறியது. கல் உடைக்கும் கிரஷருக்கு முந்தைய வளைவில் இரண்டு வண்டியும் நின்றன.

கீழே ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. உன் என்ஜின் உள்ளுக்குள் டக் டக்கென்று தட்டத் தொடங்கியிருந்தது. நீ அதை அணைத்துவிட்டு இறங்கி வந்து முதலில் என் பிரேக் குழாயைத்தான் குனிந்து பார்த்தாய்.

நான் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இன்னான்னு சொல்லுவ? வண்டி கையவுட்டு போச்சுன்னா? அந்தாளு குழாய பாக்க மாட்டான், உன்னத்தான் பாப்பான். நாளைக்கே வேற டிரைவர போடுவான். ரெண்டு பசங்க கீது உனக்கு. வாய தொறக்காத."

திருமுடிவாக்கம் பட்டறையில் உன் என்ஜினைப் பிரித்தார்கள். வால்வுகள் வளைந்திருந்தன, ஒரு பிஸ்டனின் தலையில் குழி. அது சரியாகி வர மழைக்காலம் முடிந்துவிட்டது. டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "தேஞ்சி போச்சுப்பா. பழைய என்ஜின் தானே."

அவ்வளவுதான். உன் கட்சியில் இருந்தவர்களே சிரித்தார்கள். அதன் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மற்றவர்கள் விடவில்லை. தொண்ணூறுகள் முழுக்க, யாராவது புது லாரி எடுக்கும்போதெல்லாம், உன் என்ஜின் கதையைச் சொல்லித்தான் டர்போவைச் சிபாரிசு செய்தார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாய். ஒருமுறை தாங்காமல் நான் வாயைத் திறக்கப் போனபோது, என் காலை உன் செருப்பால் மிதித்தாய்.

உன்னை எடுத்த அன்று பழைய டிரைவர்கள் சிலர் வந்திருந்தார்கள். பந்தலில் பேச்சு எப்படியோ வண்டிக்கு வந்தது. நல்ல மனுஷன், அந்த என்ஜின்தான் அவரைக் கைவிட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார். என் முதலாளி சேலையூர்க்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, நானும் ஸ்டியரிங் பிடிப்பதை விட்டுவிட்டேன். இனி யாருக்காக மறைக்க வேண்டும்? இறக்கம், குழாய், ஒதுங்கும் இடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஒருவர் மெதுவாக, "நீ இன்னா வேகத்துல வந்துகினு இருந்த?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த வேகத்தில் பின்னால் வண்டி வந்தால் முன்னால் இருப்பவன் ஒதுங்கத்தான் பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும்.

ஏற்றத்தில் என் வண்டிதான் முந்தும், மச்சான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் உன் பின்பலகை என் பம்பரில் வந்து சேர்ந்ததே, அது மோதலாகவே இல்லை. பாரம் தூக்குகிறவனுக்குத் தோள் கொடுப்பதுபோல மெத்தென்று வந்து பொருந்தியது. பஸ்ஸில் உட்கார்ந்து மேம்பாலம் இறங்கும்போது, இன்றும் என் உடம்பு முன்னாலிருந்து அந்தத் தாங்கலை எதிர்பார்க்கிறது.