வெட்டின காட்சியில் சாக்கோடு நின்றவன்

ஜூன் 8, ஞாயிறு. மழை.

பொறாமையா? எனக்கா? இல்லை. வேனில் வரும்போது தங்கச்சி கேட்டாள், இரண்டு தரம். இல்லை என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஹட்டன் தியேட்டரில் படம் பார்த்தோம். போன வருஷம் கொழும்பிலிருந்து வந்து எங்கள் தோட்டத்தில் எடுத்த படம். வேன் நிறைய ஆள், எல்லாம் திலக்சனுக்காக. அத்தை மகன். எங்கள் லய வீட்டு வரிசையிலேயே மூன்றாவது காம்பரா. ஃபெக்டரியில் விபத்து என்று கதாநாயகியிடம் ஓடிவந்து சொல்லும் வேஷம். நாலு வசனம். மழையில் எட்டுத் தடவை ஓடவிட்டு எடுத்தார்கள். பின்னால் நான், கொழுந்துச் சாக்கோடு. வசனம் இல்லை.

இடைவேளை வரை அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை. கதாநாயகி திடீரென்று ஆஸ்பத்திரியில் நின்று அழுகிறாள். விபத்து என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

உள்ளே எனக்கு ஜில்லென்று இருந்தது. நான் இருக்கிறேனே! காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரிக்கும் காட்சி. மூன்று செக்கன். பாதிக் காது, ஒரு தோள்.

முடிவில் பெயர்கள் ஓடின. திலக்சன் பெயர், தகப்பன் பெயரோடு, முழுசாக. விசில், கைதட்டல். கடைசி வரி: தோட்ட மக்களுக்கு நன்றி. அதற்குள்தான் நான். எங்களை மேய்க்கும் மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா வீட்டு நாயும் அதற்குள்தான்.

என் கை தானாகப் போனை எடுத்து அவன் பெயரைப் படம் பிடித்திருக்கிறது. எதற்கென்று தெரியாது.

ஜூன் 9, திங்கள். மழை, பனி.

விறகு பிளந்தேன். போனுக்கு ரீலோட் போடணும். செருப்பு அறுந்தது.

பீலியில் தண்ணி பிடிக்கும்போது மாரிமுத்து மாமா ஆரம்பித்தார்.

“என்னடா திலக்கு, ஆளு வராமலே பேரு போட்டுட்டாங்களாம்? கண்டாக்கையா காதுல விழுந்துறப் போகுது. நாளைக்கு எல்லாரும் வூட்ல படுத்துக்கிட்டு பேரு கேப்பாங்க.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எல்லோரும் சிரித்தார்கள். திலக்கும் சிரித்தான். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அம்மாதான் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டது:

“ஏன், மழையில எட்டுத் தடவ ஓடுனானே, அது வேல இல்லியா? கொழுந்து கொறஞ்சாக்கூட நமக்கு அரப் பேராவது போடுறாங்க.”

எனக்காக அம்மா இப்படிக் குடத்தை வைத்ததில்லை. நான் ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்டபோதுகூட எனக்காக யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னேரம் அத்தை வந்தது.

“நிரோ, திலக்கு பேரு வந்தத படம் புடிச்சியாமே. காட்டு பாப்பம். ஓடுற வேகத்துல எனக்கு வாசிக்க முடியல.”

“அழிஞ்சிருச்சி அத்த.”

“அழிஞ்சிருச்சா? சரி விடு சாமி.”

அது போனபிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து நல்ல தெளிவு.

ஜூன் 10, செவ்வாய். கொஞ்சம் வெயில்.

திலக் வியாழக்கிழமை கொழும்பு போகிறான். துணிக்கடை வேலை.

“எனக்கு நடிக்க வராது மச்சான். நல்லா நடிச்சிருந்தா வெட்டியிருப்பாங்களா?”

“ம்” என்றேன்.

பதினொரு மணிக்குத் தெரியாத நம்பர். அந்தப் படத்தின் உதவி டைரக்டர்! ஷூட்டிங் நேரம் திலக்கின் போன் ஆற்றில் விழுந்துவிட்டதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

“திலக்சனா?”

“அவரு மச்சான் பேசுறேங்க.”

“புதுப் படம் ஒண்ணு தொடங்குறோம். சனிக்கிழமை கொழும்பில ஆள் பாக்கிறோம். அவர வரச் சொல்லுங்க, நல்ல பொடியன்.”

நல்ல பொடியன். என் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது: “அவரு வெளிநாடு போயிட்டாருங்க.”

“அடடா. நீங்களும் தோட்டம்தானா? விருப்பம்னா ஒரு போட்டோ அனுப்புங்க.”

நீலச் சட்டை, தேயிலை பின்னால், தங்கச்சிதான் எடுத்தாள். “எதுக்குண்ணே?” “சும்மாடி.” ஏழு அனுப்பினேன். ஒன்று போதும் என்றுதான் சொன்னார்.

ஜூன் 11, புதன். மழை.

காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு உதவி டைரக்டர் எடுத்தார். எடுத்ததுமே சிரிப்பு.

“தம்பி, சாக்கு தூக்கினது நீங்கதானே?”

“ஆமாங்க!” என்னை ஞாபகம் இருக்கிறதே என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

“எடிட்டிங்கில ஒங்க மூஞ்சிய நாங்க ஒரு கிழமை பாத்தோம். எட்டு டேக்லயும் நேரா கேமராவப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. கடைசி ரெண்டுல சிரிப்பு வேற. முன்னுக்கு அந்தப் பொடியன் அழுது பேசுறான், பின்னுக்கு நீங்க பல்லக் காட்டுறீங்க. வெட்டாம என்ன செய்ய? அவன் பேரையாவது விடுவோம்னு டைரக்டர்தான் சொன்னாரு.”

போன் சூடாக இருந்தது. காதும்.

கேமராவைப் பார்க்கவேண்டாம் என்று மைக்கில் கத்தினார்கள்தான். கேட்டது. எல்லோரும் அவனையே பார்த்தால் என்னை யார் பார்ப்பது?

“கோவிக்காதீங்க தம்பி” என்றார். போட்டோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

திலக் இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தான். சட்டை அயர்ன் பண்ண. கொடுத்தேன். முகம் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன். விடியற்காலை. மழை விட்டிருக்கிறது.

ஐந்தரைக்கு உதவி டைரக்டருக்கு எடுத்தேன். தூக்கக் குரல்.

“அவன் வெளிநாடு போகலைங்க. நான் பொய் சொன்னேன். இன்னைக்கு கொழும்புக்குத்தான் வாறான்.”

“சனிக்கிழமை ஒன்பது மணி. அவர மட்டும் அனுப்புங்க” என்றார்.

அவர மட்டும். சரி.

அத்தைக்குப் படத்தைக் காட்டினேன். விரலை எழுத்தின்மேல் வைத்துக்கொண்டே வாசித்தது. “அழிஞ்சிருச்சின்னியே?” “திரும்ப வந்துருச்சி அத்த.” நம்பியதா தெரியாது.

திலக்குக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை விஷயம் லேசு. மற்றதுதான், அந்தச் சிரிப்பு. நாளைக்கு அவன் பெரிய ஆளாகி போஸ்டரில் நின்றால் எனக்கு வயிறு எரியும், தெரியும். எரியட்டும். ஆனால் தனக்கு நடிக்க வராது என்று நினைத்துக்கொண்டு அவன் துணி மடிக்கக் கூடாது.

வெளியே கத்துகிறான்: “டேய் நிரோ, பேக்க தூக்க வாறியா இல்லியா? ரயிலு போயிரும்டா!”

றொசல்ல ஸ்டேஷன் வரை அரை மணி நேர நடை. ஒற்றையடிப் பாதை. அவன் முன்னால் போவான், நான் பேக்கோடு பின்னால். அப்போது சொல்லிவிடலாம், அவன் திரும்பிப் பார்ப்பதற்குள். மறுபடியும் கூப்பிடுகிறான். போகணும் இப்போ