வேறொருத்தி முகத்தோடு விற்ற சாமை

2024 நவம்பர் 18, திங்கள்

சின்னராசு இன்று கடைசி லோடையும் இறக்கிவிட்டான். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் நாலு நடை. மொத்தம் முப்பத்தெட்டு மூட்டை சாமை. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை.

"மண்டிக்காரன் வூடு தேடி வந்து கேட்டான்மா. குடுக்கல. நீ சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் பத்து வூட்டு சாமையும் இங்க வந்துகீது" என்றான். டீ குடித்தான். போய்விட்டான்.

என் வார்த்தையா அது? பேத்தி இலக்கியாவின் வார்த்தை. "நெட்டுல கடை போட்டு ஊர் ஒலகத்துக்கே விக்கலாம் ஆயா, மண்டிக்காரன் தயவு இன்னாத்துக்கு" என்றாள். அதை நான் மலை ஏறிப் போய் என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். மாசிக்குள் எல்லாவற்றையும் குத்தி, கல் பொறுக்கி, விற்றுவிட வேண்டும். தாண்டினால் வண்டு விழும். மலையில் அவர்களுக்கு வருசத்துக்கு ஒரே அறுப்பு.

முப்பத்தெட்டு. மறுபடி ஒரு தடவை எண்ணிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நவம்பர் 21

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில், எட்வின் என்கிற பையன் வெப்சைட் செய்து தருகிறான். பதினெட்டுப் படி. முட்டி கழன்றுவிட்டது.

மரியாதையான பையன்தான். "ஆயா, நெட்டுல வர்றவங்களுக்கு நம்மள தெரியாது. மொதல்ல மூஞ்சியத்தான் பாப்பாங்க. அப்பறம் அட்ரஸ். அப்பறம் போன் நம்பர். சாமான் நல்லா இல்லன்னா நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு ஒரு வரி. இது இல்லன்னா ஒரு ரூபா போட மாட்டாங்க" என்றான்.

என் படம் கிடையாது, மூட்டை படமும் கிடையாது என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை.

இங்கே எழுதிக்கொள்கிறேன். எண்பத்து நாலு, ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. ரிஷிவந்தியத்திலிருந்து நாத்தனார் பெரியநாயகி வந்தாள். அரக்குச் சேலை, புது மூக்குத்தி. வாசற்படியிலேயே நின்று எள்ளு மூட்டையைப் பார்த்து, "யம்மாடி, இம்மாம் மூட்டையா! ஒரு வூட்டுக்கா!" என்றாள். ஒன்பதாம் நாள் கொட்டகை பற்றிக்கொண்டது. பதினேழு மூட்டை கரி. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னேன். நாற்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒருத்தி கண்ணுக்கே அப்படி. இது ஊர் உலகத்துக் கண்.

நவம்பர் 25

இலக்கியா போனில் காட்டினாள். வெப்சைட் ஆகிவிட்டது. மேலே ஒரு கிழவி. வெள்ளை முடி, பெரிய பொட்டு, கையில் முறம், வாய் நிறைய சிரிப்பு.

"யாருடி இவ?"

"நெட்டுல எடுத்தேன். நீதான் படம் குடுக்க மாட்டன்னுட்டியே."

திட்ட வாய் திறந்தேன். பிறகு யோசித்தேன். வீடு கட்டினால் பூசணிக்காயில் மூஞ்சி எழுதி முன்னால் கட்டுகிறோம், வருகிற கண் அதன் மேல் விழட்டும் என்று. இதுவும் அப்படி இருக்கட்டுமே. இருக்கட்டும்டி என்றேன்.

படத்துக்குக் கீழே "இருசம்மாள் ஆயாவின் கைப்பக்குவம்" என்று போட்டிருக்கிறது. பெயர் என்னுடையது. முகம் அவளுடையது. விலாசம் "கல்வராயன் மலை", அவ்வளவுதான். போன் நம்பரும் வேண்டாம் என்றுவிட்டேன். எட்வின் மட்டும், "தப்பு ஆயா. அப்பறம் என்ன கேக்காதீங்க" என்றானாம்.

டிசம்பர் 2

புயல் மழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றினோம், நானும் அமிர்தமும். அவள் எங்கள் கொட்டகையில் கல் பொறுக்குகிறவள், பன்னிரண்டு வருசமாக. வடக்கு மூலையில் இரண்டு மூட்டைக்கு ஈரம் ஏறிவிட்டது. கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கிறது.

டிசம்பர் 9

எட்வின் கணக்குச் சொன்னான். வெப்சைட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஐந்து பேர் வாங்கினார்கள். அதில் நாலு பேர் இலக்கியாவின் சிநேகிதிகள். மீதி ஒருத்தி கோயமுத்தூர்.

யார் எந்த இடம்வரை வந்து திரும்பினார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரிகிறது. விலையைப் பார்க்கிறார்களாம். விலாசத்தைத் தேடுகிறார்களாம். போய்விடுகிறார்களாம்.

"போனவங்க இன்னா சொல்லிட்டுப் போனாங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க ஆயா. அதான் நெட்டு."

இருநூறு பேர் வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பியிருக்கிறார்கள். நான் உள்ளேயே இருந்திருக்கிறேன். ஒரு காலடிச் சத்தம் கேட்கவில்லை.

டிசம்பர் 17

இன்றும் இல்லை.

டிசம்பர் 26

அந்தக் கோயமுத்தூர்க்காரி. பெயர் தேவிப்ரியா. இரண்டு கிலோ வாங்கினவள். வெப்சைட்டில், வாங்கினவர்கள் எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டாள். பேஸ்புக்கிலும் போட்டுவிட்டாள். இதே கிழவி படம் வடகம் விற்கிற ஒரு கடையிலும் மூட்டுவலித் தைலம் விற்கிற ஒரு கடையிலும் இருக்கிறதாம். அங்கே வேறு பெயர்களாம். விலாசம் இல்லை, நம்பர் இல்லை, எல்லாம் போலி, யாரும் ஏமாறாதீர்கள் என்று. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதே சிரிப்பு. அதே முறம்.

இலக்கியா சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். முந்நூறு பேர் அதை மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

யாருடி போலி? அம்பது வருசமா கல்லு பொறுக்கி பொறுக்கி கண்ணு அவிஞ்சி போச்சே எனக்கு, நானா போலி? நீ துன்ன சாமையில ஒரு கல்லு இருந்துதா? சொல்லு, இருந்துதா?

அவள் எழுதியதை இலக்கியாவிடம் நாலு தடவை படிக்கச் சொன்னேன். எங்கே பொய் இருக்கிறது என்று தேடினேன். இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 27

தெருவில் ஷேர் ஆட்டோ நின்றால்கூடப் போலீஸ் என்று தோன்றுகிறது. சின்னராசுவின் மகன் கையில் எந்நேரமும் போன்தான். இந்நேரம் மலை முழுக்கத் தெரிந்திருக்குமோ? ஏமாற்றுக்காரி வீட்டில் போய் மூட்டையை இறக்கிவிட்டோமே என்று பத்து வீட்டிலும் பேசுவார்களோ?

அந்தக் கிழவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகத்துக்குள் மண். இடது கட்டைவிரலில் தழும்பு, அரிவாள் பட்டது போல. வேலை செய்கிற கை. எந்த ஊரோ. உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ. ஒரு நாள் யாரோ சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்திருப்பார்கள், சிரித்திருப்பாள்.

என் மேல் விழ வேண்டிய கண்ணையெல்லாம் அவள் மேல் திருப்பிவிட்டேனே. பெரியநாயகியாவது தெரியாமல் பார்த்தாள். நான் தெரிந்தே செய்தேன்.

பெரியநாயகியை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

டிசம்பர் 31

காலையில் அமிர்தம் முறத்தை என் முன்னால் நீட்டினாள். வண்டு. ஈரம் ஏறிய அந்த இரண்டு மூட்டையிலும். தனியாக இழுத்து வெளியே போட்டோம். முப்பத்தாறுதான் மீதி. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எட்வினைக் கூப்பிடச் சொன்னேன்.

"அவ மூஞ்சிய எடுத்துடுப்பா."

"எடுத்துட்டு?"

"என்னோடத போடு."

கேமராவோடு வந்தான். அமிர்தம் சும்மா இருப்பாளா? "கொஞ்சம் பவுடரு போட்டுக்கக்கா, கோயமுத்தூர்க்காரி பயந்துக்கப் போறா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் திருடனைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவே போதும் என்றுவிட்டான் எட்வின். பின்னால் அத்தனை மூட்டையும் தெரிகிறது. கதவு நம்பர், தெரு, போன் நம்பர் எல்லாம் போட்டாயிற்று.

"அந்தம்மா எழுதினத அழிச்சிடலாமா?" என்றான். அழி அழி என்றாள் இலக்கியா. கூடாது என்றேன். அழித்தால் வேறு எங்காவது இன்னும் பெரிதாக எழுதுவாள். அவள் எழுத்துக்குக் கீழேயே என் பதிலைப் போடச் சொன்னேன்: அந்தப் படம் நான் இல்லை. பயத்தில் வைத்தேன், தப்பு. இப்போது இருப்பது நான். இரண்டு மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது, அதை விற்க மாட்டேன். வாங்கினதில் கல் இருந்தால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள், வேறு அனுப்புகிறேன்.

"வண்ட ஏன் ஆயா சொல்ற? யாரும் கேக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் இலக்கியா.

"நாளைக்கி ஒருத்தி கண்டுபுடிச்சி எழுதுவா. இன்னிக்கே நான் எழுதிடறேன்."

சொல்லிவிட்டேன்.

2025 ஜனவரி 3

போன் அடித்தது. வீடியோ. கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"நீங்கதான் இருசம்மாளுங்களா?"

"நான்தான். போலின்னு எழுதினது நீதான?"

"ஆமாங்க பாட்டி. காசு போட்டுட்டு அட்ரஸ் தேடினா ஒண்ணுமே இல்லீங்க. பயந்துட்டேனுங்க."

அவளுமா? அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவளும் பயந்திருக்கிறாள்.

கொட்டகையைக் காட்டச் சொன்னாள். சாமை குத்துகிற மிஷினைக் காட்டினேன், அமிர்தத்தைக் காட்டினேன், வெளியே கிடந்த வண்டு மூட்டையையும் காட்டினேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில், "சாமை கொழஞ்சி போகுதுங்க, எவ்வளவு தண்ணி வெக்கோணும்?" என்றாள். ஒன்றுக்கு இரண்டு, ஊறவைத்திருந்தால் அதிலும் கம்மி என்றேன்.

தேதியையும் அவள் பெயரையும் மனதில் போட்டு வைத்திருக்கிறேன். பெரியநாயகிக்கு ஒரு படி கீழே.

ஜனவரி 8

படம் ஏறி ஒன்பதாம் நாள். விடிந்ததிலிருந்து கொட்டகையை விட்டு நகரவில்லை. பக்கத்தில் நாலு குடம் தண்ணீர். அமிர்தம் சிரித்தாள், சிரிக்கட்டும். சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை.

ஜனவரி 11

தேவிப்ரியா தன் எழுத்துக்குக் கீழே இன்னொன்று எழுதியிருக்கிறாள். "பேசினேன். ஆள் உண்மை. கோபக்கார ஆயா. சாமை சுத்தம்."

கோபக்காரியாமே.

இன்று ஒரே நாளில் பத்தொன்பது பேர் வாங்கினார்கள். இலக்கியா குதிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பதில் ஒன்றில் ஒரு கல் போய்விட்டால்? ஒட்டின பொட்டலத்தையெல்லாம் பிரித்து மறுபடி பார்த்தேன். டேப்பு வீணாகிறது என்று கத்துகிறாள். கத்தட்டும்.

பிப்ரவரி 6

சேலத்தில் ஒரு கடைக்காரர் போன் செய்தார். வண்டு விழுந்ததைச் சொன்னது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பத்து மூட்டை அரிசியாக்கி அனுப்பச் சொன்னார்.

மார்ச் 4

எல்லாம் விற்றாயிற்று; சின்னராசு காலிச் சாக்குக்கு வந்தான். மடித்து வைத்திருந்தேன், முப்பத்தாறு. உட்கார்ந்து எண்ணினான்.

"ரெண்டு கம்மியாகீதே?"

"வண்டு விழுந்துது. சாக்க எரிச்சிட்டேன்."

"அதான் நெட்டுல பாத்தனே" என்றான். "போலின்னு ஒரு பொண்ணு போட்டதயும் பையன் காட்டினான். நீ எழுதினதயும் காட்டினான்."

சாக்கை ஜீப் மேல் கட்டிவிட்டு, "பக்கத்து மலையூரு இன்னாட்டுக்காரங்களும் ஒங்கிட்டயே போட்டுர்றம்னு சொல்றாங்கம்மா. அடுத்த அறுப்புக்கு அறுவது, அறுவத்தஞ்சி மூட்டை வரும்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வாயெடுப்பதற்குள் ஏறிவிட்டான். போன வருசம் மூட்டை இறக்கும்போது இதே வாசலில் நின்று மூன்று தடவை விலை கேட்டான். இந்தத் தடவை கேட்கவே இல்லை.

ஜீப் முனை திரும்புகிறவரை நின்றேன். பிறகு உள்ளே போய், கொட்டகையின் நீளத்தைக் கோல் வைத்து அளந்தேன்.