எத்தனை பேர் உட்காருவார்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் வசனம் புரியவில்லை. டிவியில் ஒருவர் முணுமுணுக்கிறார், சத்தத்தைக் கூட்டுகிறேன். உடனே படத்தில் கார் வெடிக்கிறது, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிக்கிறார். குறைத்தால் மறுபடி முணுமுணுப்பு. படம் பார்த்த நேரத்தைவிட ரிமோட்டோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம்.

தங்கை இருந்தவரை இது எனக்கு உறைக்கவே இல்லை. அவள்தான் படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாளே. "இவன்தான் கொலைகாரன், பாரேன்." "இவ மூக்கு அப்படியே நம்ம பெரியம்மா மூக்கு." வாயை மூடுடி என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆறு மாதம் முன்பு, நாற்பத்து நான்கு வயதில் திடுதிப்பென்று கல்யாணம் செய்துகொண்டு, ரயிலில் நாலு மணி நேரம் தள்ளிப் போய்விட்டாள். இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை, நடிகர்கள் பேசுவதும் கேட்பதில்லை. நல்லா இருக்கு நியாயம்!

அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. அதைச் சினிமா அறையாக்கினால் என்ன?

பிப்ரவரி 7, சனி

கடையில் செய்து வைத்திருக்கும் ஸ்பீக்கர்கள் எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்குகின்றன. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பக்கத்துச் சந்தில் உதிரிபாகக் கடை. வரைபடமும் கொடுக்கிறார்கள், பலகை வெட்டி, ஒட்டி, நாமே செய்துகொள்ளலாம். பல் செட் செய்யும் லேபில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு மரப்பெட்டி செய்ய வராதா என்ன?

கடைக்காரர் கேள்வி கேட்டே ஆளைச் சோர வைக்கிறார். அறை எவ்வளவு அகலம், தரை என்ன, ஜன்னல் எங்கே. அதன் பிறகு, "எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பீங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"அதுலதாங்க எல்லாமே இருக்கு. ஒருத்தர்னா இந்த ரெண்டு சின்னப் பெட்டி போதும். நடுவுல உட்கார்ந்தா அவ்வளவு சுகமா இருக்கும். கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா போச்சு. நாலு பேர்னா வேற டிசைன். பெட்டி பெருசு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பீக்கர், பேச்சுக்குன்னே நடுவுல தனியா ஒரு பெட்டி. வேலை ஜாஸ்தி. ஆனா ஓரத்துல உட்கார்ந்தாலும் கேட்கும்."

"மூணு பேர்" என்றேன்.

எந்த மூணு பேர்? யாருக்காக அந்தப் பொய்? யோசித்துச் சொல்கிறேன் என்று பாதியிலேயே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தங்கை போன். இந்த வாரமும் வரவில்லை. அடுத்த வாரம் கண்டிப்பாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மறுபடி போன். "அவருக்கு ஏதோ வேலைக்கா." அந்த 'அவர்' என்னோடு இதுவரை பேசியது மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்ட அளவுதான். ஊமைக்கோட்டான். அவரிடம் என்னத்தைக் கண்டாளோ. வீட்டில் பேசுகிற வேலை முழுவதும் தனக்கே கிடைக்கும் என்று பார்த்திருப்பாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 28, சனி

கடைக்குப் போய், "ஒருத்தர்தான்" என்றேன்.

"மத்த ரெண்டு பேர்?"

"இல்லை."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேள்வி கேட்காத கடைக்காரரைப் பார்க்க இன்னும் சங்கடமாக இருந்தது. சின்ன டிசைனை வாங்கிக்கொண்டு வந்தேன். இதில் அழ என்ன இருக்கிறது? உள்ளதைத்தானே சொன்னேன்.

மார்ச் 14, சனி

பலகைகளை மரக்கடையிலேயே அளவாக அறுத்துக் கொடுத்துவிட்டார்கள். வட்டத் துளையை நான் வெட்டினேன். ஒரு மயிரிழை சின்னதாகப் போய்விட்டது, ஸ்பீக்கர் உள்ளே போக மாட்டேன் என்று அடம். லேபில் பல் செட்டைத் தேய்க்கும் குட்டி மோட்டாரைக் கொண்டுவந்து சுற்றிலும் இழைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் செய்த பல் செட் முதல் தடவையிலேயே இப்படி உட்கார்ந்தால் டாக்டர் சாக்லேட் கொடுப்பார். இங்கே காட்டக்கூட ஆள் இல்லை. பெட்டிக்கே ஒரு சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

பெட்டிக்குள் பஞ்சு அடைக்க வேண்டுமாம், எதிரொலி வராமல் இருக்க. கடை பூட்டியிருந்தது. அலமாரியில் அவளுடைய பழைய தலையணை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள்தான் புதுசு வாங்கியிருப்பாளே. கத்திரிக்கோலால் நீளமாக அறுத்தேன். இரண்டு பெட்டிக்கும் சரியாகப் போதுமானதாக இருந்தது.

கட்டிலையும் பிரித்துப் பால்கனியில் சாய்த்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் உட்கார்ந்தால் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வருவதில்லை, நடுவில் காற்றில் நிற்கிறது. எனக்கு நேரே ஒருவர் உட்கார்ந்து என்னிடமே பேசுவதுபோல. மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. தலையைச் சாய்த்தால் ஆள் காணாமல் போய்விடுகிறார்.

ஒரு வசனம் விடாமல் முழுப் படமும் பார்த்தேன். கொலைகாரன் யார் என்று எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. சொல்லத் திரும்பினேன்.

படம் முடிந்ததும் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

ஏப்ரல் 4, சனி

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கையில் பை, பின்னால் ஊமைக்கோட்டான். "உன்னை அசத்தணும்னுதான் சொல்லாம வந்தோம். ரெண்டு நாள் இருக்கப் போறோம்!" என்று நேரே அறைக் கதவைத் திறந்தாள்.

"கட்டில் எங்கக்கா?"

"பால்கனியில."

"என் தலையணை?"

பெட்டியைத் தட்டிக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஒரே நாற்காலியைப் பார்த்தாள், தரையில் ஒட்டிய டேப்பைப் பார்த்தாள்.

உட்காரு, கேட்டுப் பாரு என்று வற்புறுத்தி உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். நான் பின்னால் நின்றேன், அவர் சுவரோரம் நின்றார். நாங்கள் நின்ற இடத்தில் எல்லாம் தகர டப்பாச் சத்தம்தான்.

அவள் திரும்பினாள். "நீ எங்க உட்காருவே?"

"இதுலதான்."

"அப்ப நான் வந்தா?"

"நீதான் வரதே இல்லையே."

பிரிக்காத பையோடு சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார்கள். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? வரலை, வரலைன்னுதானே சொன்னேன். எட்டு மாசம் ஒருத்தி தனியா உட்கார்ந்திருந்தா நாற்காலி எத்தனை இருக்கும்? அவ வந்து எண்ணிப் பாக்கணுமா? போறதுன்னா போ. போய்க்கோ.

ஏப்ரல் 5, ஞாயிறு

போன் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இல்லை. மத்தியானமே படம் போட்டேன். நடுவில் நின்று பேசுகிற அந்தக் குரல் இன்று பிடிக்கவில்லை. யாரையோ பார்த்துப் பேசுகிறது, என்னை இல்லை. அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இல்லை. நானும் போனை எடுத்தேன், அவள் எண்ணைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். என் ரோஷத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

ஏப்ரல் 23, வியாழன்

மதியம் லேபில் போன். தெரியாத எண்.

"அண்ணி... நான்தான்."

தங்கை வீட்டுக்காரர். குரலே அடையாளம் தெரியவில்லை. தெரிய எப்போது பேசியிருக்கிறார்?

"வராம இருந்ததுக்கு அவ காரணமில்ல. நான்தான். ஒவ்வொரு வாரமும் ஏதாவது சாக்கு சொல்வேன்."

"ஏன்? நான் என்ன கடிச்சாத் தின்னேன்?"

"உங்க முகத்தப் பாத்தா... அவளத் திருடிட்டு வந்த மாதிரியே இருக்கு எனக்கு."

கையிலிருந்த மேல்வரிசைப் பற்களை மேஜைமேல் வைத்தேன்.

"ஊர் திரும்பினதுல இருந்து அந்த ஒத்த நாற்காலியத்தான் சொல்லிட்டிருக்கா, அண்ணி. முன்ன மாதிரி பேசறதே இல்ல. வீடு... ரொம்ப சத்தமில்லாம இருக்கு."

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இந்த உலகத்தில் அதைத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். பாவம், நல்ல மனுஷன். இனி அவரை ஊமைக்கோட்டான் என்று எழுதுவதில்லை.

ஏப்ரல் 25, சனி

"மூணு பேர்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்லயும் அதத்தான் சொன்னீங்க. அப்புறம் ஒருத்தர்னீங்க."

"இப்ப மறுபடி மூணு. குடும்பம்னா அப்படித்தான். பலகையக் கணக்குப் போடுங்க."

மே 10, ஞாயிறு

இதில் வேலை உயிரை வாங்குகிறது. கீச்சுக்குரலுக்கு ஒன்று, கனத்த குரலுக்கு ஒன்று என்று ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஸ்பீக்கர். எந்தச் சத்தம் எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் சின்னப் பலகை ஒன்று, அதில் நான் ஈயம் பற்றவைத்ததில் பாதி என் விரலில்தான் பற்றியது. நடுப்பெட்டி நீளமாக, கனமாக இருக்கிறது. பழைய பெட்டிகளைத் திறந்து பஞ்சை எடுத்து இதற்கே அடைத்தேன். ஹாலில் இருந்த சோபாவை அறைக்குள் தள்ளிவிட்டேன். டேப்பை உரித்தேன், பசை இன்னும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மே 12, செவ்வாய்

நானே போன் செய்தேன். என்ன பேசுவது என்று குளித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது.

"நடுப்பெட்டிய மாட்டணும். தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். உன் வீட்டுக்காரரை அனுப்பு."

"அவர் மட்டும் வந்தாப் போதுமா?"

"ஸ்க்ரூவை எடுத்துக் குடுக்கவும் ஒரு ஆள் வேணும்."

"அதானே. நீங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தா அந்த வீடு விளங்கினாப்பலதான்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளா, நானா என்று தெரியவில்லை.

மே 16, சனி

வந்தார்கள். அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார், நான் முடுக்கினேன், அவள் ஸ்க்ரூக்களைத் தரையில் கொட்டிவிட்டுத் தேடினாள். கட்டிலையும் உள்ளே கொண்டுவந்து பூட்டியாகிவிட்டது. புதுத் தலையணை வாங்கி வைத்திருந்தேன். "பழசு?" என்றாள். நடுப்பெட்டியைக் காட்டினேன். இந்த முறை சிரித்தாள்.

சோபாவின் நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள், கேட்கவே வேண்டாம். அவர் அந்தப் பக்கம், பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். நான் இந்தப் பக்க ஓரம். இத்தனை பாடுபட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு செய்த ஸ்பீக்கரில் படத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள் விட்டால்தானே!

மே 18, திங்கள்

நேற்று மதியம் போனார்கள். அடுத்த மாதம் வருகிறார்களாம். வந்தால் பார்ப்போம்.

வேலையிலிருந்து வந்து ஒரு படம் போட்டேன். ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். சோபா முழுவதும் காலி, நடுவில் உட்கார்ந்திருக்கலாம், தோன்றவில்லை. கடைக்காரர் சொன்னது சரி, ஓரத்திலும் நன்றாகத்தான் கேட்கிறது.