பலூன் வாயுவை உள்ளே விடாதே

என் மனைவி, ஹோங்யூனின் அம்மாவுக்கு,

வடக்கே பெருங்காடு மாதக்கணக்கில் எரிந்த வருஷம், நம் கழுதை செத்த அதே வருஷம், நான், உன் தம்பி, கே சகோதரர்கள் இருவர் என நான்கு பேர் பலூன் விற்க இந்த நகரத்துக்கு வந்தோம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். புருவம் மட்டும் பொசுங்கிவிட்டது. கிழவனுக்குப் புருவம் எதற்கு?

குளிருக்காக ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தோம். திருட்டுக்குப் பயந்து ஹைட்ரஜன் சிலிண்டரைக் கட்டிலடியில் வைத்திருந்தோம். அதன் திருகு சரியில்லை என்றேன். கே சகோதரர்களில் மூத்தவன் சிரித்தான்.

“மோந்து பாருண்ணே. கசிஞ்சா நாறாதா? பயமா இருந்தா போய்ப் பனியில படுத்துக்க.”

இந்த வாயு நாறாதாம், சத்தமில்லாமல் கூரையடியில் போய்ச் சேருமாம். தீயணைப்புக்காரர் பிறகுதான் சொன்னார். அணைந்த அடுப்புக்கு நிலக்கரி அள்ள வெளியே போன நான் வாசல்வரை திரும்பியிருந்தேன். இருட்டுகிறதே என்று இளையவன் மின்விளக்கின் சுவிட்சுக் கயிற்றை இழுத்தான். அந்தச் சின்னப் பொறியில் கூரையே போய்விட்டது. அண்ணன் தம்பி இருவரையும் நேற்று எரித்தோம்.

பஞ்சு வைத்த செருப்பு ஒரு ஜோடி தைத்து அனுப்பு. ஊறவைத்த முட்டைக்கோஸும் கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

எனக்காக இந்தக் கடிதத்தை எழுதித் தருபவர் கிளம்ப அவசரப்படுகிறார். உன் தம்பி இது நடப்பதற்கு முன்பே இன்னொரு சிலிண்டரோடு ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். மூன்று சக்கர வண்டியில் வழியெல்லாம் விற்றுக்கொண்டு வருகிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சிலிண்டரை நீ படுக்கும் அறையில் வைக்கப் பார்ப்பான். கெஞ்சினாலும் விடாதே, வெட்டவெளியில் கிடக்கட்டும். என்னோடு வந்தவர்களில் இனி உயிரோடு இருப்பது உன் தம்பி ஷுவான்சூ ஒருவன்தான்.