பையோட போட்டவன்

2008 தை 20, ஞாயிறு

மருமகன் செல்வகணேஷ் இன்னிக்கும் விடியுமுன்னே தூத்துக்குடி போயிட்டான். கடலுக்குள்ளே பவளப்பாறையிலே முக்குளிக்கப் போறானாம். பவளம் எடுக்கிறவன் பொண்டாட்டி கழுத்திலே ஒரு மணி கூட இல்லையேட்டின்னு பானுகிட்டே கேட்டேன். என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கா.

"பவளம் எடுக்கலம்மா, பாறை மேலே கிடக்க குப்பையை எடுக்காவ. சம்பளமும் கிடையாது."

வாரம் பூரா மணியாச்சியிலே தண்டவாளம் பாக்கிறவன், லீவு நாள்லே கடல்லே குப்பை பொறுக்குதான்.  அவன் வீட்டுச் சோத்தைத்தான் திங்கேன், ஆனா அவன்கிட்டே பேசி ஏழு வருசம் ஆச்சு.

தை அமாவாசை

எங்க வீட்டுக்காரருக்கு இலை போட்டேன். காக்கா வந்து எடுத்துச்சு. ஆனாலும் மனசு ஆறலை.

எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. எங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. அவிய சாம்பலைக் கடல்லே கரைக்க மருமகன்தான் போனான். பசுவந்தனையிலே ஏறின பஸ்ஸிலே கலயம் விண்டு போச்சுன்னு, கோவில்பட்டி ஜவுளிக்கடைப் பாலிதீன் பைக்குள்ளே வச்சுக் கட்டியிருக்கான். கரிசக்காட்டுக் கிணத்திலே தலைகீழாக் குதிச்சவன், படகு ஆடினதும் வெலவெலத்துப் போய், முடிச்சைக்கூட அவுக்காம அப்படியே எறிஞ்சிருக்கான். கூடப் போன என் கொழுந்தன் கொம்பையா வந்து சொன்னார்: "மதினி, பையோட போட்டுட்டாரு." அன்னைக்கு மருமகன் நீலச் சட்டை போட்டிருந்தான். அதுவும் ஞாபகம் இருக்கு.

வெட்டவெளியிலே ஆடு மேச்ச மனுசன். வீட்டுக்குள்ளே படுத்தாலே மூச்சு முட்டுதும்பாவ. அவியளைப் பையிலே போட்டுக் கட்டி — எப்படி மன்னிக்க?

தை 27, ஞாயிறு

மருமகன் சாப்பிடும்போது பானுகிட்டே சொல்லிக்கிட்டிருந்தான். நான் அடுப்படியிலே இருந்தேன், காது கேக்குதுல்லா. அறுந்த வலை பவளப்பாறை மேலே போர்வை மாதிரி மூடிக் கிடக்குமாம். இழுத்தா பவளம் ஒடிஞ்சிருமாம், கண்ணி கண்ணியா அறுக்கணுமாம். அது கல்லு இல்லையாம், உயிராம். மூடியே கிடந்தா செத்துப் போகுமாம். எங்கன எவ்வளவு குப்பைன்னு தண்ணிக்குள்ளேயே பலகையிலே எழுதிக்கிடுவாங்களாம்.

தண்ணியிலே அழியாத எழுத்தா! நான் மூணாப்போட நின்னவ. என் சிலேட்டு எச்சி தொட்டாலே அழியும்.

மாசி 5, ஞாயிறு

எழுத்து கோணுது.

இன்னிக்கு ஒரு பை அம்புட்டுச்சாம். முடிச்சுப் போட்ட பை. உள்ளே சாம்பலாம். "யார் வீட்டுதோ"ன்னான் பானுகிட்டே.

எனக்கு வந்த ஆங்காரத்திலே அடுப்படியிலேயிருந்தே கத்திட்டேன். "கடலுக்குக் குடுத்ததை எடுக்கலாமாட்டி? கேளு உன் புருசன்கிட்டே! போடத்தான் தெரியலை, எடுக்க வந்துட்டாராக்கும்!"

அவன் தட்டைப் பாத்தபடியே சொன்னான். "எடுத்துட்டு வரல பானு. அங்கனயே முடிச்சை அவுத்து விட்டோம். புகை மாதிரிப் போச்சு. வெறும் பையைத்தான் மேலே கொண்டாந்தோம்னு சொல்லு."

பானு வந்து சொல்லலை. எனக்குத்தான் கேட்டுருச்சே.

நான் சாப்பிடலை.

மாசி 6

புகை மாதிரிப் போச்சாமே.

மாசி 19, ஞாயிறு

நானும் வாரேன்னு பானுவை இழுத்துக்கிட்டு தூத்துக்குடிக் கரைக்குப் போயிட்டேன். படகிலேயிருந்து இறக்கிப் போடுதாங்க — வலை, ஒத்தைச் செருப்பு, பாட்டில், கண்ணாடி போட்ட சாமி படம். கடல்லே இல்லாத வீட்டுச் சாமான் இல்லை. அவன் கறுப்பு ரப்பர் உடுப்போட தவளை மாதிரி வந்தான். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

பானு சோடா வாங்கப் போனா. வலைக் குவியலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவிலே சொல்லிவிட ஆளில்லை.

"கிடைச்சுதா?" வாய் தவறிக் கேட்டுட்டேன்.

எதுன்னு அவன் கேக்கலை. "இல்ல அத்தை. கிடைக்காது. மாமாவைப் போட்ட இடம் வேற, ஆழம். மொதல்லே அதைத் தேடத்தான் இந்த முக்குளிப்பையே படிச்சேன். கிடைக்காதுன்னு தெரிஞ்ச பொறவும் விட முடியல."

கிடைச்சுது, அவுத்து விட்டுட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். சொல்லலையே.

வலையிலே ஒரு நண்டு காலைக் காலை உதறிக்கிட்டுக் கிடந்தது. அதைப் பாத்துக்கிட்டே சொன்னேன்: "மாப்ள, இனி யார் வீட்டுப் பையாவது அம்புட்டா, அவுக்கும்போது 'நல்லபடியாப் போய்ச் சேருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க."

"வாயிலே காத்துக் குழாய் இருக்கும் அத்தை. பேச முடியாது."

"மனசிலேயுமா குழாய் சொருகியிருக்கு?"

சிரிச்சான். நானும்தான்.

கோவம் போயிருச்சான்னா, இல்லை. போட்டது போட்டதுதான். கொஞ்சம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

மாசி 26, ஞாயிறு

பொழுது சாயத்தான் மாப்ள வந்தாவ. செருப்பைக் கழட்டும்போதே, "சொன்னேன் அத்தை"ன்னாவ.

யாருக்குன்னு நான் கேக்கலை. நானே சோறு போட்டேன். தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உக்காந்திருந்தேன்.