அம்மா ஒத்துக்கல

ஜூன் 3, செவ்வாய்

இவர் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இன்னும் இரண்டு பால் பாக்கெட்தான் வாங்குகிறேன். ஒன்று போதும் என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். சோம்பல்தான், துக்கம் என்று சொல்ல முடியாது. எதுவுமே உறைக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கோர்ட்டில் இவருக்கு இரங்கல் கூட்டம். மகளும் நானும் முன் வரிசையில் உட்கார்ந்தோம். முப்பத்தோரு வருடம் அரசு வக்கீல், யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லையாம். "அவர்கிட்ட தோத்தவங்களுக்குக் கூட அவர் மேல கோபம் வராது" என்றார் நீதிபதி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டிலும் அப்படித்தான். குரலை உயர்த்த மாட்டார். மகளின் பள்ளிச் சீருடைக்கு அவர்தான் இஸ்திரி போடுவார். அவளுடைய மதிப்பெண் அட்டைகளைக் கேஸ் கட்டு மாதிரி நாடா போட்டுக் கட்டி, மேலே வருடம் எழுதி வைப்பார். சினிமாவுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டால் வாய்தா வாங்குவார். மகள் எதையாவது கேட்டால், "கவர்மெண்ட்டைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். கவர்மெண்ட் என்றால் நான். வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 7, சனி

இவருடைய துணிமணிகளை எடுத்து வைத்தோம். கறுப்பு கவுனை மகள் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இதை நானும் போட்டிருக்கணும்மா. அப்பாவுக்கும் ஆசைதான். நீதான் ஒத்துக்கல."

எதை, என்றேன்.

"நான் சட்டம் படிக்கறதை. ஒரு வாரம் உன்கிட்ட மல்லுக்கட்டினாராம். அம்மா பிடிவாதமா இருக்கா, நீயும் போய்க் கேட்டு வீட்ல சண்டை வேண்டாம்னார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் என்ன, ஒரு நிமிடம் கூட. அவளுக்கு அந்த ஆசை இருந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை அவளாகத் தேடிக்கொண்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்? பத்தொன்பது வருடமாக என்னிடம் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறாளே, இதுதானா காரணம்?

அலமாரியைத் துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இவரிடம் இருந்த குமாஸ்தா வந்தார். ஆபீஸ் மேஜையில் கிடந்த கண்ணாடி, இரண்டு பேனா, பாதி தீர்ந்த இருமல் மாத்திரை அட்டை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். காபி குடித்துக்கொண்டே பழைய கதை.

"சார் தன் வாயால முடியாதுன்னு சொல்லவே மாட்டாரும்மா. எதிர்த்தரப்பு வக்கீல் எது கேட்டாலும் 'அரசு சம்மதிக்கல'ன்னுடுவார். சில தடவை அரசைக் கேட்டிருக்கவே மாட்டார்! என்ன சார் இதுன்னா, 'மூஞ்சிக்கு நேரா எப்படிய்யா முடியாதுன்றது'ம்பார்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்க வேண்டிய கதைதான்.

இவர் மேல் கோபம் வருகிறதா என்று பார்க்கிறேன். மரத்துப்போன காலை ஊன்றிப் பார்ப்பது போல இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

சொன்னால், அப்பா மேல் அவளுக்கு இருக்கும் பாசத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் சாகும்வரை நான்தான் கெட்டவள். எனக்கு அவள் வேண்டும். இருப்பது ஒரே பெண் — அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா என்கிட்ட கேக்கவே இல்லடி."

கத்தியைக் கீழே வைத்தாள். "போய்ச் சேர்ந்தவர் மேல பழி போடாதம்மா."

"சத்தியமாடி —"

"அவர் வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? அந்தத் தைரியம்."

சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். நறுக்கிய காய் அப்படியே கிடக்கிறது.

நான் எதுக்குடி பொய் சொல்லணும்? இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு நல்ல பேர், எனக்குப் பொல்லாத பேர். கேட்டிருந்தா என்ன கொறைஞ்சு போச்சு அவருக்கு? — கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. நிறுத்துகிறேன்.

ஜூன் 19, வியாழன்

போன் இல்லை. நானும் செய்யவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மகள் போன் செய்தாள். குமாஸ்தாவைப் போய்ப் பார்த்தாளாம். எனக்குச் சொன்ன அதே கதையை அவளுக்கும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அப்பா உன்கிட்ட கேட்டிருந்தா, நீ என்ன சொல்லியிருப்ப?"

சரி என்றுதான் சொல்லியிருப்பேன் — நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், முழுசாக என் பக்கம் வந்துவிடுவாள். ஆனால் அந்த வருடங்களை நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருவார். அவளைப் பெற்ற அன்று, வாதத்தை முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"வேண்டாம்னுதாண்டி சொல்லியிருப்பேன். வீட்டுக்கு ஒரு வக்கீல் போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீயே வேண்டாம்னு சொல்லியிருந்தா உன்கூட சண்டை போட்டிருப்பேம்மா" என்றாள். "போட்டு ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருப்ப" என்றேன்.

வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.