கடற்கரைக் கருத்தரங்குக்கு வரும் அண்ணிக்கு

ஜனவரி 9

அன்புள்ள பட்டாசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மகள் எழுதித் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

நாங்கள் சௌக்கியம். உன் அண்ணன் போய் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. சமைக்கும்போது இன்னும் மூன்று பேருக்குத்தான் கை அளக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்தான் இப்போதும் இருக்கிறேன். வார்டிலிருந்து வரும் அழுக்குத் துணியில் ஊசி கிடக்கும், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் யார் கையிலாவது குத்திக்கொண்டே இருக்கும். நான் ஒரு பழைய தகரக் கதவைச் சாய்வாக நிறுத்தி, ஒவ்வொரு விரிப்பையும் அதன் மேல் மெதுவாக இழுக்கச் சொன்னேன். உதறக் கூடாது, கிருமி பறக்கும். மெதுவாக இழுத்தால் ஊசி தகரத்தில் பட்டு டிங் என்று சொல்லும். கதவுக்குக் கால் வைத்துக் கொடுத்தது உன் அண்ணன். மூன்று வருஷமாக ஒருத்தர் கையிலும் குத்தவில்லை. எங்கள் பெரிய சிஸ்டர் இதை எங்கேயோ எழுதிப் போட, இப்போது வெளிநாட்டில் கருத்தரங்கு, நீ வந்து சொல்லு என்கிறார்கள். மே பதினாலிலிருந்து மூன்று நாள், செலவெல்லாம் அவர்களுடையது.

"சிஸ்டர், எனக்கு பஸ்ல போனாலே வயித்தப் பிரட்டும். என்னப் போயி பிளேன்ல ஏத்தறீங்களே" என்று மறுத்துவிட்டேன். பிறகு அழைப்புத் தாளைப் பார்த்தேன். மேலே கடற்கரை ஓட்டலின் பெயர், பக்கத்தில் ஒரு படகுப் படம். அதே பெயரும் அதே படகும் நீ எனக்கு எழுதின மூன்று வரிக் கடிதத்தின் தலையில் இருக்கிறது. நீ வேலை பார்க்கும் இடம். உடனே போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை ஊர் எல்லையைத் தாண்டாதவள் நான். என்ன எடுத்து வர வேண்டும், எங்கே என்ன சொல்ல வேண்டும், எழுது. பிடித்த ஊசிகளை ஒரு கண்ணாடி டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், முந்நூறுக்கு மேல் இருக்கும். அதையும் கொண்டு வந்து காட்டலாம் என்று நினைக்கிறேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில்.

ஊசி டப்பாவோடு உங்களை யாரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போலீஸ் வண்டியில்தான் ஏற்றுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கைப்பையில் தண்ணீர், எண்ணெய், கத்தரிக்கோல் எதுவும் கூடாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று இடுப்பில். பெட்டியின் கைப்பிடியில் கலர் துணி கட்டுங்கள், எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தான் வரும். இங்கே இறங்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்பார். கருத்தரங்கு என்று மட்டும் சொல்லுங்கள், அழைப்பைக் காட்டுங்கள். வேலை என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. வேலை தேடி வந்தவள் என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். என்னை நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

வெளியே வந்ததும் பெட்டியைத் தூக்க ஓடி வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஓட்டல் வண்டிக்காரர் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்.

வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரரின் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள பட்டாசுக்கு,

போலீஸ் வண்டியில் ஏற்றுவார்கள் என்ற இடத்தைப் படித்து மகளும் நானும் சிரித்தோம். இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று! "அத்தைக்கு வாய் குறையவே இல்ல" என்றாள். கடைசியில் நீ போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள். நானும் பார்த்தேன். சரி, இருக்கட்டும்.

மகள் அதிகாரி மாதிரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்குகிறாள்.

"எதுக்கும்மா வந்தீங்க?"

"ஊசி எடுக்கிற வேலயப் பத்தி..."

"போச்சு! ஓரமா உக்காருங்க."

பத்துத் தடவை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கருத்தரங்கு என்பேன்.

நான் பேசுவதைப் பெரிய சிஸ்டர் அவர்கள் பாஷையில் சொல்வார்களாம். கால் மணி நேரம். எனக்கு அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். தகரத்தை வை, துணியை இழு, காதைக் கொடு, அவ்வளவுதானே? கூடத்தில் என்னோடு நிற்கும் உயரக்காரி சொல்கிறாள், "அக்கா, பதினாலு நிமிசம் கடலப் பாத்துட்டு இருங்க, யாரு கேக்கப் போறா?" என்று. ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைப் பற்றிப் பேசக் கடற்கரையில் எதற்குக் கூட்டம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது. அந்த ஊரில் குளிரா, வெயிலா? அறையில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? சாப்பாடு எப்படி?

உன்னை அங்கே பார்க்க முடியுமா? அதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டியது.

உன் அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். கருத்தரங்கு அறைக்குள் பல் கிட்டும். தடிமனான சால்வை கொண்டு வாருங்கள். வந்த முதல் நாளே பாதிப் பேருக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும், நான்தான் குப்பைக்கூடையில் காகிதக் கைக்குட்டைகளை அள்ளுகிறவள்.

அறைக்குச் சாவி கிடையாது, அட்டைதான். கதவைத் திறந்ததும் உள்ளே சுவரில் ஒரு பொந்து இருக்கும், அட்டையை அதில் செருகினால்தான் விளக்கு எரியும். போன மாதம் ஒரு பெரிய டாக்டர் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார், அதனால் வெட்கப்படாதீர்கள். மேஜை மேல் இருக்கும் தண்ணீர் இலவசம். குட்டி ஃபிரிட்ஜில் இருப்பதைத் தொட்டாலே பில் வரும். குழாயில் இடது பக்கம் சுடும், பார்த்துத் திருப்புங்கள். அண்ணன் இருந்தால் யார் போட்ட குழாய் இது என்று திட்டிக்கொண்டே கழற்றி மாட்டியிருப்பார்.

சாப்பாடு நீளமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். முதலில் கையில் ஒன்றும் எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எல்லாரும் முதல் பாத்திரத்திலேயே தட்டை ரொப்பிக்கொண்டு முழிப்பார்கள். மணலில் நடக்க வார் வைத்த செருப்பு. சிவப்புக் கொடி கட்டியிருந்தால் தண்ணீரில் காலைக்கூட வைக்காதீர்கள், அமைதியாகத் தெரிந்தாலும்.

கால் மணி நேரம் பேச விஷயம் இல்லை என்கிறீர்கள். யார் யார் கையில் குத்தியது, குத்தின பிறகு ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த நாளெல்லாம் எப்படிப் போனது, அதைச் சொல்லுங்கள். தகரத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

பார்ப்பதைப் பற்றி. வேலை செய்கிறவர்கள் விருந்தாளிகளோடு நின்று பேசக் கூடாது என்று இங்கே விதி. அதோடு அந்த வாரம் நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் இருக்க மாட்டேன். அண்ணன் முகத்தையே கடைசியாகப் பார்க்க முடியாதவள் நான், இப்போது உங்களைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

பத்திரமாக வந்து போங்கள்.

நாத்தனார்


மார்ச் 30

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. கடைசிப் பத்தியைத் தினமும் படிக்கிறேன். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

நீ போவதில் எனக்குச் சம்மதம் இல்லை, நீ வெளிநாடு கிளம்பிய அன்று நான் வாசலுக்கு வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் அண்ணன் செத்த தகவலை அண்ணி வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை. நடந்தது இதுதான்.

உன் அண்ணன் போன அன்றைக்குக் காலையில், குழாய் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரிக்கேதான் கொண்டு வந்தார்கள். நான் கீழே சலவைக்கூடத்தில் நின்றிருக்கிறேன், மேலே அவர் படுத்திருக்கிறார். வந்து கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. போட்டிருந்த சட்டையை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். வீடு முழுக்க ஜனம். எனக்குக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தேன். நன்றாகக் கசக்கித் துவைத்தேன்.

பிழியும்போதுதான் பாக்கெட்டில் கை பட்டது. கூழாக ஏதோ வந்தது, நீல மை கலந்து. உன் கடிதம். முதல் நாள்தான் வந்திருந்தது. "பட்டாசு எழுதிருக்கா, புது எடத்துல வேலயாம், அட்ரசு நம்பரு எல்லாம் மாறிடுச்சாம். சாயங்காலம் வந்து படிச்சுக் காட்டறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனை வருஷமாக எத்தனை டாக்டர் கோட்டு, எத்தனை நர்ஸ் உடுப்பு! பாக்கெட்டைப் பார்க்காமல் ஒரு துணியையும் தண்ணீரில் போட்டதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சட்டையை மட்டும் பார்க்காமல் போட்டுவிட்டேன். கூழைத் தட்டில் பரப்பிக் காய வைத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. உன் பழைய இடத்துக்குப் போன் போட்டோம். போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார்கள்.

ஐந்து வாரம் கழித்து யார் மூலமோ தெரிந்து நீ அந்த மூன்று வரி எழுதினாய். இனி எழுத வேண்டாம் என்று இருந்தது. அப்போதே நான் எழுதியிருக்கலாம். வெட்கம். என் தொழிலிலேயே தவறினேன் என்று எப்படிச் சொல்வது? நீ என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வகையில் சௌகரியமாகக்கூட இருந்தது. ஒரு அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கு இரண்டு வருஷம் கோபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. வந்து நேரில் கேட்கிறேன். விடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்.

உன் அண்ணி


மே 6

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால் தாமதமா, உனக்கு மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. தபால் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கைப்பிடியில் சிவப்புத் துணி. சால்வை இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே பேச்சை மாற்றிக்கொண்டேன். உயரக்காரி கையில் குத்தி, முடிவு வரும்வரை தன் குழந்தையைத் தூக்காமலே இருந்தாளே, அதிலிருந்து தொடங்குகிறேன். பெரிய சிஸ்டரிடம் சொல்லிக் காட்டினேன், மூக்கைச் சிந்தினார்கள். பதினெட்டு நிமிஷம் வந்தது, குறைக்கச் சொல்கிறார்கள்.

நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன். நீ தினமும் நடக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டாவது வருகிறேன்.

உன் அண்ணி


மே 14, காலை
(அறைத் தாளில்)

அண்ணி,

தலையணை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். கூட்டம் முடிந்து வந்ததும் கண்ணில் படும்.

நான் ஊரில்தான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே விடுப்பை ரத்து செய்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகைதான் வந்தது, எழுத்து வரவில்லை. இந்த மாடி எனக்கு இல்லை, கூட வேலை செய்கிறவளிடம் கெஞ்சி மாற்றி வாங்கினேன். இன்று உங்கள் அறையைச் சுத்தம் செய்தது நான்தான். நாற்காலியில் உங்கள் சால்வை கிடந்தது. ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குளிர்கிற அறைக்கு அதை எடுத்துப் போகாமல் விட்டுவிட்டீர்களே, எத்தனை தடவை சொன்னேன்?

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. முகவரி, நம்பர், சம்பளம் கொஞ்சம் கூட என்று ஒரு வரி. நாள் முழுக்க நின்று குதிகால் வலிக்கிறது, என்ன தேய்க்கலாம் என்று அண்ணியிடம் கேட்டுச் சொல் என்று ஒரு வரி. கோபம் எல்லாம் எனக்கு அப்போதே போய்விட்டது அண்ணி. பிறகு வந்த கோபம் வேறு. அதுவும் இப்போது இல்லை.

பாக்கெட்டைப் பார்க்கவில்லை என்று உங்களை யார் கேட்பார்கள்? அன்றைக்கு நானாக இருந்தால் சட்டையோடு சேர்த்து என்னையே துவைத்திருப்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணனின் அந்த நாளை எனக்குச் சொல்ல வேண்டும். காலையில் என்ன பேசினார், என்ன சாப்பிட்டார், எந்தச் சட்டை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு அறைக்கு இருபது நிமிஷம்தான் எங்களுக்கு. கடைசி அறையாக உங்கள் அறையை வைத்துக்கொண்டால் நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வருவேன். அறைக்குள் பேசினால் யாருக்கும் தெரியாது.


மே 15
(கதவு இடுக்கில் செருகியது)

என் கண்ணு,

காலையில் பேசிவிட்டேன். எழுந்து நின்று கை தட்டினார்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. மத்தியானக் கூட்டத்துக்கு வரவில்லை என்று பெரிய சிஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது.

படுக்கை விரிப்பை நானே மாற்றிவிட்டேன். குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். குப்பையைக் கட்டி வைத்திருக்கிறேன். உனக்கு இந்த அறையில் ஒரு வேலையும் இல்லை, இருபது நிமிஷமும் நமக்குத்தான்.

கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை. தள்ளிக்கொண்டு வா. வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்காரு. அவர் எழுந்ததிலிருந்து சொல்கிறேன்.